சம்பளத்துக்குக் காவல் இருக்கு, காசுக்கு இல்லை



வாடகை பற்றிய மடல் போன பிறகு மூன்று பேர் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே கேள்விதான். "அம்மான்ர கிரெடிட் கார்ட் கடன் கைமீறிப் போட்டுது. சம்பளத்தைப் பிடிப்பாங்களா?" மூன்று பேரும் "இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றும் சேர்த்திருந்தார்கள். பொலிஸுக்கு முன்னால் மெகாஃபோன் பிடித்து நின்ற ஆட்கள்தான். வீட்டுக் கடன் என்றதும் வாய் அடைத்துப்போகிறது.

ஆகவே இந்த முறை நேராகவே எழுதுகிறேன். ஒன்ராறியோவில் ஒரு தொழிலாளியின் சம்பளத்துக்குச் சட்டத்தில் காவல் உண்டு. பெரிய காவல் இல்லை, ஆனாலும் உண்டு. அந்தச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்ததும் காவல் போய்விடுகிறது. வங்குரோத்துக்குப் போனால் இன்னொரு காவல் வருகிறது, அதுவும் நல்ல காவல்தான். ஆனால் எங்கட ஆட்கள் அந்த வாசலுக்கு வந்து சேரும்போது காப்பாற்றுவதற்கு ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. இதற்குப் பாதிக் காரணம் சட்டம், மீதிப் பாதி நாங்கள்.

என் சித்தியின் கதையைச் சொல்கிறேன். சொல்லச் சொல்லி அவவே சொன்னவ.

ஸ்காபரோவில் ஒரு உணவுப் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம் வீட்டில் ஒரே சம்பளம். கடனட்டைகள் மூன்று, எல்லாம் சேர்த்து 41,000 டொலர். முந்தி வேலை செய்த இடத்தில் சேர்ந்த ஓய்வூதியச் சேமிப்பு, ஆர்ஆர்எஸ்பி, 19,000 டொலர் இருந்தது. கடனட்டைக்காரர் நாளுக்கு நாலு தரம் போன் அடிக்க, சித்தி அதை உடைத்தா. 15,000 டொலருக்கு மேல் ஒரேயடியாக எடுத்தால் 30 வீதம் வரி அங்கேயே கழியும். கைக்கு வந்தது 13,300. அதில் 5,000 மாமாவுக்கு, அதாவது அவவின்ர சொந்த அண்ணைக்கு. கைமாத்தாக வாங்கிய காசு, "அண்ணைக்கு முதல்ல குடுக்காட்டி எப்படி முகத்தில முழிக்கிறது?" மிச்சம் 8,300ம் கடனட்டைகளின் குறைந்தபட்சக் கட்டணத்துக்கு மாதம் மாதமாகப் போனது. ஆறு மாதத்தில் காசு தீர்ந்தது. கடன் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது.

அதற்கிடையில் ஒரு கடித உறை வந்திருந்தது. சித்தி அதைத் திறக்கவில்லை, மைக்ரோவேவுக்கு மேலே வைத்துவிட்டா. வழக்குப் போட்ட கடிதம் அது. பதில் போகாததால் தீர்ப்பு தானாக எதிர்த்தரப்புக்கு விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சம்பளம் விழுந்த அன்றே வங்கிக் கணக்குப் பூட்டப்பட்டது. வாடகைக் காசோலை திரும்பி வந்தது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நான் சட்டத்தரணி இல்லை. இதைப் படித்துவிட்டு ஆளுக்கேற்ற ஆலோசனை கேளுங்கள். ஆனால் வாசலில் என்ன எழுதியிருக்கு என்று தெரியாமல் போகாதீர்கள்.

சாதாரணக் கடன்காரர், அதாவது கடனட்டைக் கொம்பனியோ கடன் வசூல் கொம்பனியோ, போனில் என்ன மிரட்டினாலும் நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் உங்கள் சம்பளத்தைத் தொட முடியாது. தீர்ப்பு வந்த பிறகும் ஒன்ராறியோவின் சம்பளச் சட்டப்படி கைக்கு வரும் சம்பளத்தில் 80 வீதம் உங்களுடையது. 20 வீதம்தான் பிடிக்கலாம். பிள்ளைப் பராமரிப்புப் பணம் என்றால் 50 வீதம் வரை போகும். 20 வீதமே தாங்க முடியாது என்றால் குறைக்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம், கேட்கிற ஆட்கள்தான் குறைவு. சம்பளம் பிடிபடுகிறது என்ற காரணத்துக்காக முதலாளி உங்களைத் தண்டிக்கக் கூடாது என்று வேலைத்தரச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. "கடிதம் வந்தா வேலை போயிடும்" என்று பயந்து சுருட்டிக்கொண்டு கிடக்கிற அம்மாக்களுக்கு இந்த ஒரு வரியையாவது சொல்லுங்கள்.

ஆனால் இந்த 80 வீதக் காவல் முதலாளியின் கைக்கும் உங்கள் கைக்கும் இடையில் மட்டும்தான். சம்பளம் கணக்கில் விழுந்த அந்த நிமிடத்தில் அது சட்டத்தின் கண்ணுக்குச் சம்பளம் இல்லை, வெறும் வைப்புப் பணம். தீர்ப்போடு வருகிற கடன்காரர் அந்தக் கணக்கில் கிடக்கிறதை முழுதாகக் கேட்கலாம். கூட்டுக் கணக்கென்றால் பாதி. நீங்கள் கடன்பட்டிருக்கிற வங்கியிலேயே சம்பளமும் விழுகிறதென்றால் அவர்களுக்குத் தீர்ப்புக்கூடத் தேவையில்லாமல் போகலாம், நிலுவைக்கு ஈடாகத் தாங்களே எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களிடம் இருக்கு. ஆகவேதான் விசயம் தெரிந்த எந்த ட்ரஸ்டியும் முதலில் சொல்கிறது இதுதான்: கடன் இல்லாத வேறொரு வங்கியில் புதுக் கணக்குத் திற, சம்பளத்தை அங்கே போடச் சொல். இது ஏமாற்று இல்லை, முழுக்கச் சட்டபூர்வமானது. காசை ஒளிக்கிறது வேறு, சம்பளத்தை எந்த வங்கியில் வாங்குகிறது என்று முடிவெடுக்கிறது வேறு.

சித்தியின் கணக்கு அவ கடன்பட்ட அதே வங்கியில்தான் இருந்தது. இருபது வருடமாக. "நல்ல வங்கி, தமிழ் கதைக்கிற பிள்ளை இருக்கு."

இந்த இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஜேர்மனியில் 2010இலிருந்து ஒரு ஏற்பாடு இருக்கு. யாரும் தங்கள் கணக்கைப் பாதுகாக்கப்பட்ட கணக்காக மாற்றித் தரச் சொல்லி வங்கியைக் கேட்கலாம், வங்கி மறுக்க முடியாது. கடன்காரர் என்ன தீர்ப்போடு வந்தாலும் மாதம் 1,500 யூரோ அளவு தொகையைத் தொட முடியாது, பிள்ளைகள் இருந்தால் இன்னும் கூட. பிரான்சில் கணக்கைப் பிடிக்க வந்தால், தனி ஆளுக்கான அடிப்படை உதவித்தொகை அளவுக்குக் காசை வங்கி தானாகவே விட்டுவைக்க வேண்டும். கேட்கக்கூடத் தேவையில்லை. லா சப்பலில் வேலை செய்கிற உங்கள் சித்தப்பாவுக்குள்ள இந்தச் சின்னப் பாதுகாப்பு ஸ்காபரோவில் இருக்கிற என் சித்திக்கு இல்லை. சாப்பாட்டுக் காசை விட்டுவிட்டு மிச்சத்தைப் பிடி என்று சொல்ல ஒன்ராறியோவுக்கு மனம் வராததற்கு முதலாளித்துவப் பொருளாதாரத்தின் ஆழமான விதி ஒன்றும் காரணம் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இனி வங்குரோத்து. வங்குரோத்துக்கோ கன்சியூமர் புரபோசலுக்கோ பதிவு செய்த அன்றே கடன்காரரின் கை நிற்கிறது. சம்பளப் பிடிப்பு, கணக்குப் பூட்டு, வழக்கு எல்லாம் நிற்க வேண்டும். நீதிமன்றம் இல்லாமலே கணக்கைப் பூட்டுகிற அதிகாரம் உள்ள வரி அலுவலகம், சிஆர்ஏ, அதற்கும் இந்தத் தடை பொருந்தும். பிள்ளைப் பராமரிப்புப் பணத்துக்கு மட்டும் பொருந்தாது. வங்குரோத்துக்குள்ளே போனால் ஆர்ஆர்எஸ்பி சேமிப்பு உங்களுடையதுதான், கடைசி 12 மாதத்தில் போட்ட பணத்தைத் தவிர. 2008இலிருந்து இதுதான் சட்டம். திரும்பவும் வாசியுங்கள். சித்தியின் 19,000 டொலரும் பழைய சேமிப்பு. உடைக்காமல் நேரே வங்குரோத்துக்குப் போயிருந்தால் முழுதும் மிஞ்சியிருக்கும். யாரும் தொட முடியாத காசை அவ தானே எடுத்து, வரிக்கு 5,700 கொடுத்து, மிச்சத்தைத் தொடக்கூடிய காசாக மாற்றி, கடனட்டைக்காரரின் கையில் வைத்தா.

இதை வசூல் கொம்பனிகள் நன்றாகத் தெரிந்துதான் செய்கின்றன. "உங்களிட்ட சேமிப்பு ஏதும் இருக்கா? குடும்பத்தில ஆரும் உதவ மாட்டினமா?" இந்த இரண்டு கேள்விகளும் அவர்கள் வாயில் எப்போதும் இருக்கும். தொட முடியாத காசைத் தொடுவதற்கு அவர்களுக்கு இருக்கிற ஒரே வழி உங்கள் வெட்கம்.

கையில் உள்ள காசுக்கு வங்குரோத்திலும் பாதுகாப்பு இல்லை. உடுப்பு, வீட்டுச் சாமான், தொழில் கருவி, ஓரளவு பெறுமதிக்குள் ஒரு வாகனம் என்று ஒன்ராறியோ விலக்குகள் கொடுக்கிறது. காசு அந்தப் பட்டியலில் இல்லை. அந்த மாதச் சீவியத்துக்கு வேண்டியதை நியாயமான ட்ரஸ்டி விட்டுவைப்பார், அது வேறு விசயம். அந்த வருடத்து வரித் திருப்பமும் போகும். பிள்ளைகளுக்கான மாதக் கொடுப்பனவைத் தொட முடியாது. யாழ்ப்பாணத்தில் உள்ள காணியும் சொத்துத்தான், சொல்லியே ஆகவேண்டும், "எங்கேயிருந்தாலும்" என்று சட்டத்தில் எழுதியிருக்கு. சொல்லாமல் மறைக்கிறது குற்றம், சிறை வரை போகலாம். "அங்க இருக்கிறது இவங்களுக்கு எப்பிடித் தெரியும்" என்று தைரியம் சொல்லுகிற மாமாமார் சிறைக்குக் கூட வர மாட்டார்கள்.

மாமா என்றதும் அந்த 5,000க்கு வருகிறேன். பதிவுக்கு முந்தின 12 மாதத்துக்குள் ஒரு உறவினருக்கு மட்டும் கடனைத் திருப்பிக் கொடுத்திருந்தால், மற்றக் கடன்காரரை விட்டு அவருக்கு முன்னுரிமை கொடுத்ததாக எடுத்து, அந்தக் காசை அவரிடமிருந்து திரும்பக் கேட்க ட்ரஸ்டிக்கு அதிகாரம் உண்டு. உறவில்லாதவர் என்றால் மூன்று மாதம்தான். சொத்தைக் குறைந்த விலைக்கோ சும்மாவோ உறவினருக்கு மாற்றியிருந்தால் ஐந்து வருடம் வரை பின்னுக்குப் போய்த் தோண்டலாம். சித்தி எட்டாம் மாதத்தில் பதிவு செய்தா. மாமாவுக்குக் கடிதம் போனது. எங்கட குடும்பத்தில் மூத்த ஆளுக்கு மரியாதை என்று செய்ததை, சட்டம் கள்ளத்தனத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. மாமா இன்றைக்கும் சித்தியோடு கதைப்பதில்லை. சீட்டுக் காசு, கைமாத்து, நகை வைத்து வாங்கினது, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பிணைக் கையெழுத்துப் போட்டவருக்கும் காவல் இல்லை, நீங்கள் வங்குரோத்தானால் முழுக் கடனும் அவர் தலையில். மகளின் கார்க் கடனுக்கு அம்மா, அம்மாவின் கடனுக்கு மகன் என்று ஒருவருக்கொருவர் பிணை நிற்கிற வீடுகளில் ஒரு ஆள் விழுந்தால் அடுத்தவர் தானாக விழுவார்.

வங்குரோத்துக் காலத்தில் சம்பளத்துக்கு என்ன நடக்கும்? அரசு ஒரு கோடு போட்டிருக்கு. 2024இல் தனி ஆளுக்குக் கைக்கு வரும் வருமானம் மாதம் 2,543 டொலர், நாலு பேர் குடும்பத்துக்கு 4,726. அதற்கு மேல் 200 டொலருக்குக் கூடுதலாக வந்தால் மேலதிகத்தில் பாதி கடன்காரருக்கு. அதோடு முதல் தடவை வங்குரோத்து 9 மாதத்தில் முடிய வேண்டியது 21 மாதமாக நீளும். கணக்கைப் பாருங்கள். கோட்டுக்குக் கிட்ட நிற்கிற ஒரு ஆள் சனிக்கிழமைகளில் ஓவர்டைம் செய்து 400 டொலர் கூட எடுத்தால், மாதம் 200 போகும், 21 மாதத்துக்கு 4,200 டொலர். முதுகு முறிய வேலை செய்ததற்குக் கிடைத்த தண்டனை, இன்னும் ஒரு வருடம் வங்குரோத்து.

அந்தக் கோடு நாடு முழுவதற்கும் ஒன்று. மனிட்டோபாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறவருக்கும், ஒரு படுக்கையறைக்கே 2,000 டொலருக்கு மேல் வாடகை கேட்கிற ரொறன்ரோக்காரருக்கும் அதே கோடு.

இதே நாடு பெரிய கொம்பனி விழும்போது எப்படி நடந்துகொள்கிறது? 2017இல் சியர்ஸ் கனடா கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. முதல் சுற்றில் 2,900 பேரின் வேலை போனது, பணிநீக்கக் கொடுப்பனவு இல்லாமல். மேல்மட்ட நிர்வாகிகளும் முக்கியப் பணியாளரும் விட்டுப் போகாமல் இருக்க 9.2 மில்லியன் டொலர் வரை ஊக்கத்தொகை கொடுக்க அதே நீதிமன்றம் அனுமதித்தது. முதலாளி வங்குரோத்தானால் உங்களுக்கு வர வேண்டிய சம்பளத்துக்குச் சட்டத்தில் உள்ள முதல் முன்னுரிமை ஒரு ஆளுக்கு 2,000 டொலர் வரைதான். சம்பளப் பாதுகாப்புத் திட்டம் என்று அரசு தருவதற்கும் உச்சவரம்பு இருக்கு. கொம்பனி வங்குரோத்தானால் அதற்குப் பெயர் மறுசீரமைப்பு. சித்தி வங்குரோத்தானால் அதற்குப் பெயர் மானக்கேடு.

பெயர் வைக்கிறது யார்? நாங்கள்தான். "வாங்கினா கட்டத்தானே வேணும்" என்று கோயில் வீதியிலும் கலியாண மண்டபத்திலும் சொல்லிக்கொண்டு திரிகிறது நாங்கள். இதில் பொதிந்த நேர்மையை நான் கேலி பண்ணவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கின கைமாத்துக்கு அது சரி. ஆனால் 20 வீத வட்டியில் கடனட்டையை வீட்டுக்கே அனுப்பி, கட்டாமல் போகிற பங்கையும் கணக்குப் போட்டு அந்த வட்டிக்குள்ளேயே வைத்திருக்கிற வங்கிக்கு இந்த மானம் எதற்கு? 2025 ஜனவரியிலிருந்து 35 வீதத்துக்கு மேல் வருட வட்டி வாங்குவது கனடாவில் குற்றம். ஆனால் பே-டே கடனுக்கு விதிவிலக்கு: இரண்டு கிழமைக்கு 100 டொலருக்கு 14 டொலர் வாங்கலாம். வருடத்துக்குப் பெருக்கினால் 364 வீதம். சம்பளம் வரும் வரைக்கும் தாங்க முடியாதவனிடம் மட்டும் பத்து மடங்கு வாங்கலாம் என்று பாராளுமன்றமே எழுதி வைத்திருக்கு. இவர்களிடம் மானம் பற்றிப் பாடம் கேட்கத் தேவையில்லை.

வெட்கத்தில் பிழைப்பு நடத்துகிற இன்னொரு கூட்டமும் எங்களுக்குள் இருக்கு. சித்தி முதலில் போனது ட்ரஸ்டியிடம் இல்லை. வானொலி விளம்பரம் கேட்டு ஒரு "கடன் ஆலோசகரிடம்". தமிழில் அன்பாகக் கதைத்தார், தேத்தண்ணி கொடுத்தார், 1,200 டொலர் வாங்கினார், கடைசியில் ஒரு ட்ரஸ்டியின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். வங்குரோத்தோ புரபோசலோ பதிவு செய்யக்கூடியவர் அரசு உரிமம் பெற்ற ட்ரஸ்டி மட்டும்தான், அவரோடான முதல் சந்திப்பு பொதுவாக இலவசம். உரிமம் உள்ளவர்களின் பெயர்களை வங்குரோத்துக் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் இணையப் பட்டியலில் யாரும் பார்க்கலாம். இடையில் நின்றவர் விற்றது மொழிபெயர்ப்பு மட்டும்தான். அந்த மொழிபெயர்ப்பைச் செய்ய இந்த மடல் வாசிக்கிற ஐம்பது பேருக்கு முடியும்.

இனி எங்கட பக்கத்து விமர்சனம். "இது தனிமனிதத் தீர்வு. வங்குரோத்துச் சட்டமே முதலாளித்துவத்தின் ஆவி போக்கி. அமைப்பை மாற்றாமல் படிவம் நிரப்பிக் கொடுக்கிறது தொண்டு நிறுவன வேலை." போன கூட்டத்தில் ஒரு தோழர் இப்படிச் சொன்னார். அவரோடு எனக்குக் கோபம் இல்லை, ஆனால் உடன்பாடும் இல்லை. குறைந்தபட்சக் கூலியை 15 டொலராக்க எத்தனை பனிக்காலம் தெருவில் நின்றோம்? 2022 ஜனவரியில்தான் வந்தது. முதலாளியிடமிருந்து மணிக்கு ஒரு டொலர் பிடுங்கப் பத்து வருடம் போராடுகிற நாங்கள், அதே கூலியை வங்கி மறுபக்கத்தால் எடுக்கும்போது "அது அவவின்ர சொந்தப் பிரச்சினை" என்று விலகி நிற்கிறோம். கூலிப் போராட்டம் சம்பள நாளோடு முடிகிறதில்லை. அதோடு, சம்பளமே இல்லாத தொழிலாளர் வேறு இருக்கிறார்கள். பிராம்டன் பக்கம் லொறி ஓட்டுகிற எங்கட பெடியளை "உன் பேரில ஒரு கொம்பனி பதி" என்று சொல்லித்தான் வேலைக்கு எடுக்கிறார்கள். காகிதத்தில் அவன் முதலாளி. ஆகவே 80 வீதக் காவல் அவனுக்கு இல்லை. வரிப் பாக்கி வந்தால் அவனுக்கு வர வேண்டிய கொடுப்பனவு முழுவதையும் சிஆர்ஏ வழிமறிக்கலாம். போலிச் சுயதொழில் பற்றிக் கோஷம் போடுகிறவர்கள் இதையும் அதில் சேர்க்க வேண்டும்.

கேட்க வேண்டியது எங்களுக்குத் தெரியும். சம்பளத்தின் காவல் வங்கிக் கணக்குக்குள்ளும் கூடவே போக வேண்டும், ஜேர்மனியில் போவது போல. அந்த வருமானக் கோடு வாடகையைப் பார்த்து வரையப்பட வேண்டும். கடனில் மூழ்கினவரிடமே கட்டணம் கேட்கக் கூடாது: இங்கே ஒரு சாதாரண வங்குரோத்துக்கே மாதம் 200 டொலர் அளவில் ஒன்பது மாதம் கட்ட வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் சொத்தில்லாதவருக்கான கடன் நிவாரண உத்தரவுக்கு இருந்த 90 பவுண் கட்டணத்தை 2024 ஏப்ரலில் எடுத்தே விட்டார்கள். மாணவர் கடன் படிப்பை விட்டு ஏழு வருடம் ஆகாமல் வங்குரோத்தில் கழியாது என்ற விதியையும் தூக்க வேண்டும். இது உங்களில் அரைவாசிப் பேரின் பிரச்சினை, தெரியும்.

ஆனால் சட்டம் மாறும் வரைக்கும் மைக்ரோவேவுக்கு மேலே கடிதங்கள் கிடக்கின்றன. இந்தக் கிழமை வீட்டுக்குப் போனால் அவற்றை அம்மாவோடு, அப்பாவோடு இருந்து திறவுங்கள். "ஏன் இவ்வளவு கடன்" என்று கேட்காதீர்கள். உறையின் திகதியைப் பாருங்கள். சிறு கோரிக்கை நீதிமன்றத்துக் கடிதம் என்றால் எதிர்வாதம் போட 20 நாள்தான். பழைய கடன் என்றால் கடைசியாகக் காசு கட்டிய நாளைத் தேடுங்கள். இரண்டு வருடம் கடந்திருந்தால் காலாவதி என்று வாதாட இடமுண்டு, ஆனால் அந்த வாதத்தை யாராவது போய் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வருடம் முடியவில்லையென்றால், "நல்லெண்ணத்துக்கு ஒரு 20 டொலர் கட்டுங்கோ" என்று போனில் கேட்கிறவனுக்குக் கட்டாதீர்கள், அந்த 20 டொலரோடு கணக்குத் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். சேமிப்பை உடைக்க வேண்டாம், உறவினருக்குக் கொடுக்க வேண்டாம், சம்பளம் எந்த வங்கியில் விழுகிறதென்று பாருங்கள், பிறகு ட்ரஸ்டியிடம் கூடப் போங்கள்.

சித்தி இப்போது ஏழாம் மாதத்தில் இருக்கிறா. சம்பளம் முழுதாக வருகிறது, புது வங்கியில். உங்களில் யாராவது தமிழில் துணைக்குப் போக வேண்டுமென்றால், தானும் வருவதாகச் சொல்லச் சொன்னவ. இரவு வேலை இல்லாத நாட்களில், செவ்வாயும் வியாழனும்.